கேரவன் டிரெய்லர் ஆடாமல் வர: நெல்லைப் பக்கத்தில் வண்டி, ஹிட்ச், எடை பார்ப்பது எப்படி

காருக்குப் பின்னால் ஒரு கேரவன் டிரெய்லரை மாட்டிக்கொண்டு உவரிக்கோ குற்றாலத்துக்கோ குடும்பத்தோடு போய்வர நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "எந்த டிரெய்லர் வாங்கலாம்?" அது மூன்றாவதாக வரவேண்டிய கேள்வி. இழுக்கிற வண்டி எவ்வளவு தாங்கும் என்பது முதல் கேள்வி. வாங்கப்போகும் டிரெய்லருக்குப் பதிவு கிடைக்குமா என்பது அடுத்தது. இரண்டுக்கும் எழுத்தில் பதில் கைக்கு வருமுன் யாருக்கும் முன்பணம் கொடுக்காதீர்கள்.

இந்தக் கட்டுரை முழுவதும் ஒரே ஆபத்தைச் சுற்றித்தான் வரும்: வாலாட்டம். ஓடும் வேகத்தில் டிரெய்லரின் பின்பக்கம் இடதும் வலதுமாக ஆடத் தொடங்கும். ஒவ்வொரு ஆட்டமும் முந்தையதைவிடப் பெரிதாகும். சில நொடிகளில் இழுக்கும் வண்டியையே திருப்பிப் போட்டுவிடும். இதை ஹிட்ச் (வண்டியின் பின்னால் டிரெய்லரை மாட்டும் இணைப்பு) விற்பவர் தரும் எந்தக் கருவியும் தனியாகத் தடுத்துவிடாது. தடுப்பது எடைக் கணக்கு. அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள்.

1. வண்டியின் கையேட்டைத் திறந்து ஐந்து எண்களை எழுதுங்கள்

டேஷ்போர்டில் கிடக்கும் உரிமையாளர் கையேடு, கதவுத் தூணிலோ எஞ்சின் அறையிலோ உள்ள தகடு, ஆர்.சி. புக் மூன்றையும் எடுத்து வையுங்கள். வேண்டிய எண்கள்: பிரேக் உள்ள, பிரேக் இல்லாத டிரெய்லர்களுக்கான இழுவை வரம்பு; ஹிட்ச் பந்தின் (டிரெய்லரின் மூக்கு வந்து உட்காரும் இரும்புக் குண்டு) மேல் இறங்கக்கூடிய நேர்பாரத்தின் வரம்பு; ஆட்களும் சாமானும் சேர்ந்த வண்டியின் மொத்த எடை வரம்பு; பின் ஆக்சிலின் வரம்பு; வண்டியும் டிரெய்லரும் சேர்ந்த கூட்டு எடை வரம்பு.

இங்கேயே பலர் தடுக்கி விழுகிறார்கள். வெளிநாட்டு இணையதளத்தில் தங்கள் வண்டியின் பெயரைத் தேடி, அங்கே கண்ட எண்ணை நம்பிவிடுகிறார்கள். டொயோட்டா ஹைலக்ஸ் 4×4 ஆஸ்திரேலியாவில் 3,500 கிலோ பிரேக் உள்ள டிரெய்லரை இழுக்க அனுமதி பெற்றது. அது அந்த நாட்டு மாடலுக்கும், அந்த நாட்டு டோ பாருக்கும் (பந்தைத் தாங்கி வண்டியின் சேசிஸில் பிடிக்கும் இரும்புச் சட்டம்) தந்த எண். ஒரே பெயரில் வரும் வண்டிக்கு நாட்டுக்கு நாடு ஸ்பிரிங், ரேடியேட்டர், பின் சேசிஸ் குறுக்குச் சட்டம் எல்லாம் மாறலாம். உங்கள் கையேட்டில் இழுவை எண் இல்லையென்றால், சேசிஸ் எண்ணைக் குறிப்பிட்டுத் தயாரிப்பாளரின் வாடிக்கையாளர் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்பி, பதிலை எழுத்தில் வாங்குங்கள். ஷோரூம் விற்பனையாளர் "தாராளமா இழுக்கும் சார்" என்று சொல்வது இன்சூரன்ஸ் சர்வேயரிடம் செல்லாது. இழுக்கக் கூடாது என்று கையேட்டில் எழுதியிருந்தால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள். அதற்கு மாற்றுவழி கிடையாது.

எண்கள் கிடைத்த பிறகு கணக்கு. ஓர் உதாரணம்: வண்டியின் மொத்த எடை வரம்பு 2,510 கிலோ, காலி எடை 1,950. மிச்சம் 560. ஐந்து பேர் 325 கிலோ, பெட்டி படுக்கை 80, டோ பார் 30 என்றால் 435 போய்விட்டது. பந்தின் மேல் இறங்க மிஞ்சியது 125 கிலோ. டிரெய்லரின் மொத்த எடையில் ஏறத்தாழ 12 சதவீதம் பந்தின் மேல் இறங்க வேண்டும் (காரணம் ஏழாவது படியில்). அப்படியானால் இந்த வண்டிக்கு ஏற்ற டிரெய்லர், சாமான் எல்லாம் ஏற்றிய பிறகு 1,040 கிலோ. கையேட்டில் இழுவை வரம்பு 2,000 என்று இருந்தாலும் உங்களுக்கு 1,040தான். பெரும்பாலான குடும்பங்களுக்கு இழுவை வரம்பை எட்டுவதற்கு வெகுமுன்பே வண்டியின் சுமை வரம்பு தீர்ந்துவிடும்.

பந்தின் நேர்பார வரம்பைத் தனியாகப் பாருங்கள். ஐரோப்பிய முறை டோ பார்களில் அது 75 அல்லது 100 கிலோவாக இருப்பது சாதாரணம். 100 என்றால் மேலே சொன்ன 1,040 கிலோவும் கிடையாது. 830ஐச் சுற்றி நிற்க வேண்டும்.

பிரிட்டனில் கேரவன் இழுப்பவர்கள் புதியவர்களுக்கு இன்னொரு கணக்கும் சொல்வார்கள்: ஏற்றிய டிரெய்லரின் எடை, வண்டியின் காலி எடையில் 85 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. முதல் வருடம் அதையும் மனதில் வையுங்கள்.

2. டிரெய்லர்: நம் ஊர்க் காற்றுக்கு ஏற்ற உயரமும் நீளமும்

திருநெல்வேலியிலிருந்து தெற்கே நான்குவழிச் சாலையில் நாங்குநேரி, வள்ளியூர் தாண்டி, பணகுடி, காவல்கிணறு நெருங்கும்போது இரண்டு பக்கமும் காற்றாலைகள் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று அங்கே பாய்வதால்தான் அவை அங்கே நிற்கின்றன. சாலை தெற்கு நோக்கிப் போகிறது, காற்று மேற்கிலிருந்து வருகிறது. டிரெய்லரின் பக்கவாட்டில் முழுசாக அடிக்கும். செங்கோட்டைக் கணவாய் வழியாகத் தென்காசிப் பக்கமும் இதே கதை. ஜூன் முதல் செப்டம்பர் வரை, குறிப்பாக ஆடியில், பகல் நேரத்தில் காற்று ஒரே சீராக வீசாமல் வெடுக் வெடுக்கென்று அடிக்கும். வாலாட்டத்தைத் தொடங்கிவைக்க அந்த வெடுக்கு போதும்.

கணக்காகப் பார்க்கலாம். 5 மீட்டர் நீளம், 2.2 மீட்டர் உயரம் உள்ள பெட்டியின் பக்கவாட்டில் மணிக்கு 60 கி.மீ. வேகக் காற்று அடித்தால், சுமார் 220 கிலோ அளவு தள்ளுவிசை விழும். 3 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் உயரம் உள்ள குட்டை டிரெய்லரில் அதே காற்று 90 கிலோ அளவுதான் தள்ளும். அதனால் இந்தப் பக்கம் ஓட்டப்போகிறவர்களுக்கு எங்கள் பரிந்துரை தெளிவானது: நின்று நடமாடும் உயரமுள்ள பெட்டி வேண்டாம். படுக்க மட்டும் உள்ளே இடம், சமைக்கப் பின்கதவைத் தூக்கினால் அடுப்பு என்ற அளவில் உள்ள குட்டை டிரெய்லர், அல்லது நிறுத்திய பிறகு கூரையை உயர்த்தும் வகை நல்லது. பெட்டி நீளம் 3.5 மீட்டருக்குள். ஆயிரம் கிலோ சுற்றியுள்ள டிரெய்லருக்கு ஒற்றை ஆக்சில் போதும். இரட்டை ஆக்சில் நேர்ச்சாலையில் இன்னும் அமைதியாக வரும் என்பது உண்மைதான். ஆனால் கூடுதல் எடை, கிராமத்துச் சந்துகளில் திருப்பும்போது டயர் தேய்வது, இரட்டிப்புச் செலவு எல்லாம் சேர்ந்து வரும்.

டிரெய்லரைப் பார்க்கப் போகும்போது டேப் எடுத்துச் செல்லுங்கள். பந்திலிருந்து ஆக்சில் வரை உள்ள தூரம் நீளமாக இருப்பது நல்லது. ஆக்சில் பெட்டியின் நடுவுக்குச் சற்றுப் பின்னால் இருக்க வேண்டும். தண்ணீர்த் தொட்டி எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். ஆக்சிலுக்கு மேலேயோ சற்று முன்னாலோ இருந்தால் வாங்கலாம். பின்முனையில் இருந்தால் வேண்டாம்.

3. முன்பணத்துக்கு முன் காகிதங்கள்

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 2(28)இன்படி டிரெய்லரும் ஒரு மோட்டார் வாகனம்தான். எஞ்சின் இல்லையே என்ற வாதம் எடுபடாது. அதற்குத் தனிப் பதிவு வேண்டும், தனி மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் வேண்டும்.

பதிவுக்கு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கொடுக்க வேண்டியவை: படிவம் 20 விண்ணப்பம், விற்றவர் தரும் படிவம் 21 விற்பனைச் சான்று, தயாரிப்பாளர் தரும் படிவம் 22 சாலைத் தகுதிச் சான்று, இன்சூரன்ஸ் சான்று, முகவரிச் சான்று. இவற்றோடு டிரெய்லருக்கென்றே ஒரு காகிதம் உண்டு: வடிவமைப்புக்கு அதிகாரம் பெற்றவர் கொடுத்த ஒப்புதல் ஆணையின் நகல். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, விதி 47இல் இது இருக்கிறது. டெலிவரி எடுத்த நாளிலிருந்து 7 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பதும் அதே விதி.

அந்த ஒப்புதல் நகல்தான் பெரிய கண்ணி. டிராக்டர் பெட்டி செய்யும் பட்டறைகள் நம் மாவட்டத்தில் ஊருக்கு ஊர் உண்டு. வெல்டிங் வேலையில் குறை சொல்ல முடியாது. ஆனால் "நீங்க கேக்குற மாதிரி கேரவன் பெட்டி அடிச்சுத் தாரேன்" என்று ஒருவர் சொன்னால், வடிவமைப்பு ஒப்புதல் உங்கள் கையில் இருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள். அது இல்லாமல் அடித்த பெட்டிக்குப் பதிவு எண் கிடைக்காது. பதிவு இல்லையென்றால் இன்சூரன்ஸ் நிற்காது. பெட்டி வீட்டு முற்றத்திலேயே கிடக்கும். ஒப்புதல் நகல், படிவம் 21, 22இன் மாதிரிகளை வாங்கிக்கொண்டு, டி.என். 72 (திருநெல்வேலி) அலுவலகத்திலோ உங்கள் முகவரிக்கு உரிய அலுவலகத்திலோ வாகன ஆய்வாளரிடம் காட்டி, "இந்தக் காகிதங்களோடு வந்தால் பதிவாகுமா" என்று கேட்ட பிறகு பணம் கொடுங்கள்.

நம்பர் பிளேட் பற்றிப் பலருக்குத் தெரியாத ஒன்று: பிரிவு 61இன்படி டிரெய்லரின் சொந்தப் பதிவு எண் அதன் பக்கவாட்டில் எழுதப்பட வேண்டும். டிரெய்லரின் பின்னால் இருக்க வேண்டியது இழுக்கும் வண்டியின் எண். பின்னால் வருபவருக்கு உங்கள் வண்டி எண் டிரெய்லரால் மறைந்துவிடுகிறதே, அதற்காக.

வண்டியின் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும், டோ பார் பொருத்தியிருக்கிறேன், டிரெய்லர் இழுக்கப்போகிறேன் என்று எழுதிக் கொடுத்து, பாலிசியில் சேர்த்த ஒப்புதலை வாங்குங்கள். புளியரை வழியாகக் கேரளத்துக்குள் போவதாக இருந்தால் இரண்டு ஆர்.சி., இரண்டு இன்சூரன்ஸ், ஒப்புதல் நகல் ஆகியவற்றை ஒரே உறையில் போட்டு வண்டியில் வையுங்கள்.

4. ஹிட்ச்: எதில் பிடிக்கிறது என்பதைப் பாருங்கள்

நம் கடைகளில் "டோ ஹிட்ச்" என்று தொங்குவதில் பாதி, பின்னால் இடித்தால் பம்பரைக் காக்கவும் அழகுக்கும் விற்கப்படுபவை. பம்பரின் இரும்புச் சட்டத்தில் இரண்டு போல்ட்டில் நிற்கும் எதையும் வாங்காதீர்கள். டோ பார் சேசிஸின் இரண்டு நீளச் சட்டங்களிலும், தயாரிப்பாளர் விட்டிருக்கும் துளைகளில், பக்கத்துக்கு இரண்டு மூன்று போல்ட்டுகளோடு பிடிக்க வேண்டும். தகட்டில் இழுவை வரம்பும் நேர்பார வரம்பும் கிலோவில் பொறித்திருக்க வேண்டும். பொறிக்காத டோ பாருக்கு வரம்பே இல்லை என்று அர்த்தமில்லை; யாரும் சோதிக்கவில்லை என்று அர்த்தம். சேசிஸில் வெல்டிங் வைக்க விடாதீர்கள். சூட்டில் அந்த இடம் பலவீனமாகும், வாரண்டியும் போகும். போல்ட்டுகள் 8.8 அல்லது 10.9 தரம், நைலாக் நட்டு, டார்க் ரெஞ்ச் (முறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பேனர்) கொண்டு, டோ பாரோடு வரும் கிட்டில் எழுதிய அளவுக்கு முறுக்க வேண்டும். முதல் 100 கி.மீ. ஓடியதும் மறுபடி முறுக்கிப் பாருங்கள். புது இரும்பும் பெயிண்டும் அமர்ந்ததும் போல்ட் கொஞ்சம் தளரும்.

டிராக்டரில் இருக்கும், துளையில் இரும்பு முளை செருகும் கொக்கி மாதிரி கேட்கிறவர்களும் உண்டு. டிராக்டர் மெதுவாகப் போகிறது. துளைக்கும் முளைக்கும் நடுவே உள்ள இடைவெளி அங்கே பிரச்சினையில்லை. 60 கி.மீ. வேகத்தில் அதே இடைவெளி ஒவ்வொரு குலுக்கலிலும் தட்டித் தட்டி ஆட்டத்தை வளர்க்கும். காருக்குப் பந்தும், டிரெய்லரின் மூக்கில் இருந்து அதன் மேல் கவிழும் கப்ளரும்தான் சரி.

பந்தின் அளவில் ஒரு சின்ன வித்தியாசம் பெரிய தொல்லை தரும். ஐரோப்பிய அளவு 50 மி.மீ.; அமெரிக்க அளவு 2 இன்ச், அதாவது 50.8 மி.மீ. இரண்டும் இங்கே கலந்து விற்பனைக்கு வருகின்றன. 50 மி.மீ. கப்ளரை 2 இன்ச் பந்தில் அழுத்தினால் முழுசாகப் பூட்டாது. பூட்டியது போலத் தோன்றி, வேகத்தடையில் கழன்றுவிடும். வெர்னியர் காலிபரால் பந்தை அளந்து, கப்ளரில் பொறித்த எண்ணோடு ஒப்பிடுங்கள். பூட்டிய பிறகு டிரெய்லரின் முன் ஜாக்கியைச் சுற்றி மூக்கைத் தூக்கிப் பாருங்கள். வண்டியின் பின்பக்கமும் சேர்ந்து எழும்பினால் பூட்டியிருக்கிறது.

உயரம்: ஏற்றிய டிரெய்லர் சமதளத்தில் மட்டமாக, அல்லது மூக்கு ஒரு விரற்கடை தாழ்ந்து நிற்க வேண்டும். நம் எஸ்.யு.வி.கள் உயரமானவை என்பதால் பெரும்பாலும் மூக்கு தூக்கி நிற்கும். அப்படி நின்றால் பாரம் பின்னுக்குச் சாயும். பந்தைத் தாழ்த்தும் இறக்கத் தகடு போட்டுச் சரிசெய்யுங்கள். பின்கதவில் ஸ்டெப்னி தொங்கும் வண்டிகளில் டயரைத் தாண்டுவதற்காகப் பந்தை நீட்டி வைப்பார்கள். அவசியமான அளவுக்கு மேல் ஒரு அங்குலமும் நீட்டாதீர்கள். பின் ஆக்சிலுக்கும் பந்துக்கும் உள்ள தூரம் கூடக்கூட டிரெய்லர் உங்கள் வண்டியைத் திருப்பும் பலம் கூடும்.

எடையைப் பகிரும் ஹிட்ச் பற்றி நிறையப் பேர் விசாரிக்கிறார்கள். இரண்டு ஸ்பிரிங் கம்பிகள் பந்துப் பாரத்தின் ஒரு பகுதியை முன் ஆக்சிலுக்கும் டிரெய்லர் ஆக்சிலுக்கும் தள்ளும். பந்தில் 150 கிலோவுக்கு மேல் இறங்கி, வண்டியின் முன்பக்கம் தூக்குகிற பெரிய டிரெய்லருக்கு அது உதவும். மாட்டுமுன் முன்சக்கர மட்கார்டு விளிம்பின் உயரம், மாட்டிய பின் உயரம் இரண்டையும் அளந்து, தூக்கியதில் பாதிக்குமேல் கீழே இறங்கும்படி கம்பியை முறுக்குவார்கள். ஆனால் அது வண்டியின் எந்த வரம்பையும் உயர்த்தாது, பின்பாரமான டிரெய்லரைத் திருத்தாது. ஆயிரம் கிலோ டிரெய்லருக்கு அந்தக் காசைச் சேமித்து, உராய்வுத் தகடு உள்ள கப்ளருக்குக் கொடுங்கள். அது பந்தை இருபுறமும் கவ்வி ஆட்டத்தை அடக்கும். அந்தக் கப்ளருக்குப் பந்தில் கிரீஸும் பெயிண்டும் துளிகூட இருக்கக் கூடாது. தின்னரால் துடைத்து வையுங்கள். சாதாரணக் கப்ளருக்கு நேர்மாறு, கிரீஸ் வேண்டும். மெக்கானிக் பழக்கதோஷத்தில் கிரீஸ் தடவிவிட்டால் உராய்வுத் தகட்டையே மாற்ற வேண்டி வரும். பந்து தேய்ந்து 49 மி.மீ.க்குக் கீழே போனால் மாற்றிவிடுங்கள்.

டிரெய்லர் இல்லாத நாளில் பந்தைக் கழற்றி வைக்கும் வகை வாங்குங்கள். நீட்டிக்கொண்டிருக்கும் இரும்பு, பின்னால் பைக்கில் வருபவரின் முழங்காலுக்கு ஆபத்து.

5. பிரேக், சங்கிலி, அறுபடு கம்பி

ஏற்றிய எடை 750 கிலோவைத் தாண்டும் டிரெய்லருக்குச் சொந்த பிரேக் வேண்டும். அந்த அளவுக்குள் என்றாலும் இருந்தால் நல்லது. இரண்டு வகை உண்டு. ஓவர்ரன் பிரேக்கில், வண்டி வேகம் குறைந்ததும் டிரெய்லர் முன்னே முட்டும் விசையே டிரெய்லர் பிரேக்கைப் பிடிக்கும். ஒயரிங் தொல்லை இல்லை, நம் ஊர் மெக்கானிக்கே சரிசெய்யலாம். மின் பிரேக்குக்கு வண்டிக்குள் கண்ட்ரோலர் வேண்டும், விலை கூடுதல். ஆனால் வாலாட்டம் தொடங்கினால் டிரெய்லர் பிரேக்கை மட்டும் கையால் பிடிக்கலாம். காற்று அடிக்கும் பக்கம் அடிக்கடி போகிறவர்கள் மின் பிரேக்குக்குச் செலவு செய்வதில் நியாயம் இருக்கிறது. எடைப் பகிர்வு ஹிட்ச் பல, ஓவர்ரன் பிரேக்கின் அசைவைத் தடுக்கும். இரண்டையும் சேர்க்குமுன் இரு தயாரிப்பாளரிடமும் கேளுங்கள்.

இரண்டு பாதுகாப்புச் சங்கிலிகளைக் கப்ளருக்கு அடியில் குறுக்காக மாட்டுங்கள். கப்ளர் கழன்றாலும் மூக்கு தரையில் குத்தாமல் சங்கிலியில் தங்கும். டிரெய்லர் தனியே கழன்றால் பிரேக்கைப் பிடித்துவிடும் மெல்லிய கம்பிதான் அறுபடு கம்பி; அதை வண்டியின் சேசிஸில் உள்ள தனி வளையத்தில் மாட்ட வேண்டும். பந்தின் கழுத்தில் சுற்றிவிட்டால், பந்தைவிட்டுக் கப்ளர் கழலும்போது அதுவும் நழுவி வந்துவிடும்.

6. ஒயரிங்

ஏழு முனை பிளக் வழக்கம். மஞ்சள் இடது இண்டிகேட்டர், பச்சை வலது இண்டிகேட்டர், வெள்ளை எர்த், சிவப்பு பிரேக் விளக்கு, பழுப்பு வலது பின்விளக்கு, கறுப்பு இடது பின்விளக்கு, நீலம் பனிவிளக்கு. புதிய வண்டிகளில் பின்விளக்கு ஒயரை நேரடியாக வெட்டி இணைக்க விடாதீர்கள். கம்ப்யூட்டர் அதைக் கோளாறு என்று எடுத்துக்கொள்ளும். பேட்டரியிலிருந்து தனி ஃபியூஸ் வழியாக மின்சாரம் எடுக்கும் ரிலே மாட்யூல் போடச் சொல்லுங்கள். விளக்குகள் மங்கியும் மாறியும் எரிந்தால் பத்துக்கு ஒன்பது எர்த் கோளாறுதான்.

7. பாரம் ஏற்றுவது

மாட்டுவண்டியில் நெல் மூட்டை ஏற்றியவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டாம். வண்டி பின்பாரமானால் நுகத்தடி மாட்டின் கழுத்தைவிட்டு மேலே தூக்கும், வண்டி மாட்டின் சொல் கேட்காது. முன்பாரம் மிஞ்சினால் மாடு தாங்காது. கொஞ்சம் முன்பாரம் இருக்க வேண்டும். டிரெய்லரிலும் அந்தக் கொஞ்சம்தான், அதாவது பந்தின் மேல் இறங்கும் நேர்பாரம்தான், மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம். பத்துக்குக் கீழே இறங்க இறங்க, ஆட்டம் தொடங்கும் வேகம் குறைந்துகொண்டே வரும். ஐரோப்பியக் கையேடுகளில் 5 முதல் 7 சதவீதம் என்று பார்ப்பீர்கள். அது அவர்களுடைய டிரெய்லர் அமைப்புக்கும் உராய்வுக் கப்ளருக்கும் சட்ட வேகத்துக்கும் சேர்த்துச் சொன்னது. பட்டறையில் செய்த பெட்டிக்கு அதை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கனமான சாமான் ஆக்சிலுக்கு நேர்மேலே, தரையோடு தரையாக இருக்க வேண்டும்: பேட்டரி, அரிசி, தண்ணீர்க் கேன், கருவிப்பெட்டி. 150 ஏ.எச். இன்வெர்ட்டர் பேட்டரி ஒன்றே ஐம்பது கிலோவுக்கு மேல். நடுத்தரமானவை ஆக்சிலுக்குச் சற்று முன்னால். துணி, பாய், தலையணை மேலேயும் பின்னாலும். பின்பம்பரில் சைக்கிள் கட்டுவது, கூரையில் சாமான் கட்டுவது இரண்டும் வேண்டாம்.

மிகவும் தவறிப்போகிற இடம் இது: பின்னால் கனம் ஏறிவிட்டது என்று கண்டதும், சரிக்கட்ட மூக்கில் இன்னொரு கனத்தைக் கட்டுவார்கள். தராசில் முன்பாரம் சரியாக வரும். டிரெய்லர் முன்பைவிட மோசமாக ஆடும். இரு முனைகளிலும் கனம் இருக்கும் பெட்டி ஒருமுறை ஆடத் தொடங்கினால் நிறுத்துவது கடினம். முன்பாரத்தின் எண் சரியாக இருப்பதோடு கனம் நடுவில் இருக்கவும் வேண்டும்.

தண்ணீர்த் தொட்டியின் பாதிப்பையும் கணக்கிடுங்கள். பந்துக்கும் ஆக்சிலுக்கும் 3 மீட்டர். தொட்டி ஆக்சிலுக்கு 1.5 மீட்டர் பின்னால். 60 லிட்டர் நிரப்பினால் முன்பாரத்தில் 30 கிலோ குறையும். 120 கிலோவாக இருந்தது 90 ஆகிவிடும். பின்தொட்டி டிரெய்லர் ஏற்கெனவே உங்களிடம் இருந்தால், காலித் தொட்டியோடு ஓட்டிப் போய்ச் சேர்ந்த ஊரில் நிரப்புங்கள். கேஸ் அடுப்புக்கு 5 கிலோ சிலிண்டர் போதும். ஓடும்போது ரெகுலேட்டரைக் கழற்றி வால்வை மூடி வையுங்கள்.

8. எடைமேடை

அரிசி ஆலை, கல் குவாரி இருக்கும் ஊரெல்லாம் எடைமேடை உண்டு. லாரி கூட்டம் இல்லாத மதிய வேளையில் போய், ஆக்சில் ஆக்சிலாக எடை போட வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஒரு எடைக்கு இருநூறு ரூபாய் என்று வைத்து ஆயிரம் ரூபாய் கையில் இருக்கட்டும். பயணத்தன்று வரும் ஆட்கள், சாமான், டீசல் எல்லாம் வண்டியில் இருக்க வேண்டும்.

முதலில் டிரெய்லரைக் கழற்றி ஓரத்தில் நிறுத்திவிட்டு, வண்டியின் முன்சக்கரம் மட்டும் மேடையில், பிறகு முழு வண்டி. அடுத்து டிரெய்லரை மாட்டி, முன்சக்கரம் மட்டும், பிறகு வண்டியின் நான்கு சக்கரமும், கடைசியில் டிரெய்லரும் சேர்த்து. மொத்தம் ஐந்து சீட்டு.

முதல் படியில் சொன்ன வண்டிக்குச் சீட்டுகள் இப்படி வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். வண்டி தனியாக 2,380. அதில் முன் ஆக்சில் 1,140. மாட்டியபின் வண்டியின் நான்கு சக்கரமும் 2,500. முன் ஆக்சில் 1,080. எல்லாம் சேர்த்து 3,420. 2,500இலிருந்து 2,380ஐக் கழித்தால் முன்பாரம் 120. 3,420இலிருந்து 2,380ஐக் கழித்தால் டிரெய்லரின் முழு எடை 1,040. 120 என்பது அதில் பதினொன்றரை சதவீதம். நல்லது. முன் ஆக்சிலில் 60 கிலோ குறைந்திருக்கிறது, பின் ஆக்சிலில் 180 ஏறியிருக்கிறது. பந்தில் இறங்கிய 120ஐவிடப் பின் ஆக்சிலில் ஏறியது அதிகம் என்பதைக் கவனியுங்கள். பந்து ஆக்சிலுக்குப் பின்னால் இருப்பதால் வண்டியின் முன்பக்கத்தை நெம்புகிறது. அதனால்தான் பின் ஆக்சில் வரம்பை எழுதிவைக்கச் சொன்னோம். மொத்த எடை வரம்பு 2,510க்கு இன்னும் பத்து கிலோதான் மிச்சம். வண்டிக்குள் ஒரு இருபது லிட்டர் தண்ணீர்க் கேன் ஏற்றினால் வரம்பு மீறிவிடும்.

லாரிக்கான எடைமேடைகள் பெரும்பாலும் 5 அல்லது 10 கிலோ படிகளில்தான் காட்டும். இரண்டு சீட்டைக் கழிக்கும்போது பிழையும் கூடும். ஆகவே முன்பாரத்தை மட்டும் சிறு தராசில் மறுபடி பாருங்கள். வாழைக்காய் மண்டியில், மூட்டை நிறுக்கும் மின்னணு மேடைத் தராசு 300 கிலோ வரை தாங்கும். மூக்கு ஓட்டும் உயரத்தில் நிற்கும்படி மரக்கட்டை வைத்து, டிரெய்லர் மட்டமாக, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, பார்க்கிங் பிரேக்கை விட்டு அளக்க வேண்டும். தராசு கிடைக்காவிட்டால் வீட்டில் ஆள் நிறுக்கும் மெஷின் போதும். ஒரு முனை செங்கல்லிலும், மறுமுனை மெஷினிலும் இருக்கும்படி வலுவான பலகையை மட்டமாக வைத்து, செங்கல்லிலிருந்து ஓர் அடி, மெஷினிலிருந்து இரண்டு அடி தூரத்தில் மூக்கை இறக்குங்கள். பலகைக்கு மெஷின் காட்டிய எடையைக் கழித்துவிட்டு, மீதியை மூன்றால் பெருக்கினால் முன்பாரம்.

எண் சரியில்லையென்றால் சாமானை நகர்த்தி மறுபடி நிறுங்கள். சரியான இடங்களைப் பெட்டியின் தரையில் பெயிண்டால் குறித்துவிட்டால் அடுத்த முறை வேலை மிச்சம்.

9. டயரும் பேரிங்கும்

டிரெய்லர் டயரின் சுமைக் குறியீடு, அந்தச் சக்கரம் தாங்கும் எடைக்கு மேலே இருக்க வேண்டும். காற்றை விடிகாலையில், ஓடுமுன், தயாரிப்பாளர் சொன்ன அளவுக்குப் பிடியுங்கள். மே மாத வெயிலில் தார்ச்சாலையில் ஓடியபின் அளவு கூடித்தான் காட்டும், அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடாதீர்கள். வண்டியின் பின் டயர்களும் குறைவாக இருக்கக் கூடாது. டயர் பக்கச் சுவரில் உள்ள நான்கிலக்க எண்ணில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. பட்டன் தேயாவிட்டாலும் ஆறு வருடம் தாண்டிய டயர் வேண்டாம். டிரெய்லர் பெரும்பாலும் நின்ற இடத்திலேயே நிற்பதால் டயர் தேயுமுன் ரப்பர் வெடித்துவிடும். வீல் நட்டுகளை முதல் 50 கி.மீ.யில் மறுமுறுக்கு, வருடம் ஒருமுறை பேரிங் கிரீஸ். நிற்கும் ஒவ்வொரு இடத்திலும் ஹப் பக்கம் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் சுட்டால் பேரிங்கோ பிரேக்கோ பிடித்திருக்கிறது.

10. பணமும் நாளும்

டிரெய்லர் விலையை மட்டும் வைத்துக் கணக்குப் போடாதீர்கள். டோ பார், பந்து, பொருத்துகூலிக்கு முப்பதாயிரம் ரூபாய், ஒயரிங் மாட்யூலுக்கும் பிளக்குக்கும் பத்தாயிரம், உராய்வுக் கப்ளர், சங்கிலி, கூடுதல் பக்கக் கண்ணாடிகளுக்குத் தனியே ஒரு தொகை ஒதுக்குங்கள். பதிவுக் கட்டணம், வரி, இன்சூரன்ஸ் இதற்கு மேலே. குற்றாலம் சீசனுக்குப் போக ஆசை என்றால் வேலையை மாசி, பங்குனியிலேயே தொடங்குங்கள். தயாரிப்பாளரின் எழுத்துப் பதில், ஒப்புதல் காகிதச் சரிபார்ப்பு, பதிவு என்று ஒன்றன்பின் ஒன்றாக வாரங்கள் போகும். காகிதம் வராமல் அவசரத்தில் சாலையில் இறக்கிவிடுவதுதான் இந்த வேலையில் மிகச் செலவான தவறு.

11. முதல் ஓட்டம்

முதல் நாள் விடிகாலையில், காற்று தணிந்திருக்கும்போது, நான்குவழிச் சாலையில் நாங்குநேரி வரை போய்த் திரும்புங்கள். 40, 50, 60 என்று படிப்படியாக. ஒவ்வொரு வேகத்திலும் நேராக வருகிறதா என்று கண்ணாடியில் பாருங்கள். 60இல் லேசாக அசைந்தால் 80இல் நிச்சயம் ஆடும், திரும்பி வந்து பாரத்தைப் பாருங்கள். எல்லாம் சரி என்றாலும் 80க்கு மேல் போகாதீர்கள். வள்ளியூருக்குத் தெற்கே காற்று மாதங்களில் 60 போதும். மேம்பாலத்தின் சுவர் முடியும் இடமும், பெரிய பஸ் உங்களை முந்திப் போகும் நொடியும் கூடுதல் கவனம் கேட்பவை. காற்று சட்டென்று நின்று, சட்டென்று மறுபடி அடிக்கும். பஸ் பின்னால் நெருங்குவது தெரிந்ததுமே ஆக்சிலரேட்டரிலிருந்து காலைக் கொஞ்சம் எடுத்துவிடுங்கள்.

மாஞ்சோலைச் சாலைக்கு டிரெய்லர் வேண்டவே வேண்டாம். புளியரை எஸ் வளைவுக்குச் சில மாதப் பழக்கம் வந்தபிறகு போங்கள். இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபடியே வராமல், மேலேயே கீழ் கியருக்கு மாற்றி இறங்குங்கள்.

ஆட்டம் தொடங்கிவிட்டால் செய்ய வேண்டியது: ஸ்டீயரிங்கை நேராக, உறுதியாகப் பிடியுங்கள். ஆட்டத்துக்கு எதிராகத் திருப்பாதீர்கள். உங்கள் கை எப்போதும் ஒரு நொடி பிந்தித்தான் திருப்பும், அது ஆட்டத்தைக் கூட்டும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுங்கள். வண்டி பிரேக்கை மிதிக்காதீர்கள். வேகமெடுத்தால் நேராகிவிடும் என்று சிலர் சொல்வதைக் கேட்காதீர்கள், ஆட்டத்தை வளர்ப்பதே வேகம்தான். மின் பிரேக் கண்ட்ரோலர் இருந்தால் அதன் கைப்பிடியை மட்டும் அழுத்தி டிரெய்லர் பிரேக்கைப் பிடியுங்கள். வேகம் குறைந்து ஆட்டம் நின்றதும் சாலையோரம் நிறுத்தி, கப்ளர், டயர் காற்று, உள்ளே நகர்ந்த சாமான், தொட்டித் தண்ணீர் நான்கையும் பாருங்கள். இடம் மாறியது எது என்று கண்டுபிடிக்காமல் 40க்கு மேல் ஓட்டாதீர்கள். வழியில் வரும் முதல் எடைமேடையில் மறுபடி நிறுத்தி எடை போடுங்கள்.